இணையக் கடையைத் தளம் மாற்றுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

வூகாமர்ஸில் ஓடும் கடையை ஷாப்பிஃபைக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, "பொருள்களையெல்லாம் எப்படி ஏற்றுவது?" என்றுதான். இந்த வேலையிலேயே சுலபமான பகுதி அது. பொருள் விவரங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. தப்பாக ஏறினால் அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம். உங்கள் கையில் இல்லாதவைதான் சிக்கல்: கூகுள் குறித்து வைத்திருக்கும் பக்க முகவரிகள், வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் தன் அக்காவுக்கு அனுப்பிய லிங்க், அவர் பழகிப்போன பாஸ்வேர்டு, ஆடிட்டரிடம் இருக்கும் பில் எண் வரிசை. கடை மாறும்போது இவை எதுவும் தானாக மாறுவதில்லை. இவை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதில்தான் பாதிக்கு மேல் உழைப்பு போகும்.

தளம் என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். பொருளைக் காட்டுவது, கூடையில் போடுவது, பணம் வாங்குவது, ஆர்டரைக் குறித்துவைப்பது, இவ்வளவையும் செய்யும் மென்பொருள்தான் தளம். இரண்டு வகை உண்டு. வூகாமர்ஸ் 2011-இல் வந்தது. இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மேல் ஏறி உட்காரும் இலவச மென்பொருள். ஹோஸ்டிங், அதாவது கடை இருக்கும் சர்வர் இடம், உங்களுடையது, தரவும் உங்கள் டேட்டாபேஸில். பழுதானால் அதுவும் உங்கள் தலையில். ஷாப்பிஃபை 2006-இல் கனடாவில் தொடங்கியது. பனிச்சறுக்குப் பலகை விற்பதற்காக எழுதிய மென்பொருள்தான் பிறகு இப்படி வளர்ந்தது. மாத வாடகை கட்டினால் சர்வர், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு அவர்கள் போட்ட கட்டங்களுக்குள்தான் கடையை நடத்த வேண்டும். அந்தக் கட்டங்கள் எங்கெங்கே இடிக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மாற்றம் பாதி முடிந்த மாதிரி.

மாற வேண்டுமா?

சில சமயம் தளமே நம்மைக் கிளப்பிவிடும். 2008-இல் வந்த மஜென்டோ என்ற கடைத் தளத்தின் முதல் பதிப்புக்கு 2020 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுபோனது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது. இரண்டாம் பதிப்பு 2015-லேயே வந்திருந்தாலும் கடையின் தோற்றத்தைத் தரும் பழைய தீமும், கூடுதல் வசதிகளுக்கான நீட்சிகளும் அதில் வேலை செய்யவில்லை. பெயர் ஒன்றாக இருந்தும் புதுத் தளத்துக்கு மாறுகிற அளவு வேலை. அப்படிப்பட்ட நெருக்கடியில் வேறு வழி இல்லை.

ஆனால் "கடை மெதுவாகத் திறக்கிறது" என்ற ஒரே காரணத்துக்காக மாற நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். மலிவான ஹோஸ்டிங்கும் தேவையில்லாத நாற்பது நீட்சிகளும் எந்தக் கடையையும் மெதுவாக்கிவிடும். ஹோஸ்டிங்கை மாற்றுவது ஒருநாள் வேலை, தளத்தை மாற்றுவது மாதக்கணக்கில் இழுக்கும். செலவையும் முழுதாகப் போட்டுப் பாருங்கள். ஷாப்பிஃபையின் சொந்தப் பணப் பரிமாற்றச் சேவை இந்தியாவில் கிடையாது. அதனால் இங்கே வாடிக்கையாளரிடம் பணம் வாங்கித் தரும் ரேஸர்பே போன்ற கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும். கேட்வே எடுக்கும் கட்டணம் போக, அடிப்படைத் திட்டத்தில் ஷாப்பிஃபையும் 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மாதம் 5 லட்சம் ரூபாய் ஆன்லைனில் வசூலாகும் கடைக்கு அதுவே 10,000 ரூபாய். மாத வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள் இதில்தான் அதிர்ந்துபோகிறார்கள்.

சரி, மாறுவதென்று முடிவாகிவிட்டது. மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்று வூகாமர்ஸிலிருந்து ஷாப்பிஃபைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பொருள் விவரங்கள்

வூகாமர்ஸில் எல்லாப் பொருள்களையும் ஒரு சிஎஸ்வி கோப்பாக இறக்கலாம். அட்டவணை வடிவில் உள்ள சாதாரண எழுத்துக் கோப்பு அது. ஷாப்பிஃபையும் சிஎஸ்வியை ஏற்றுக்கொள்ளும். ஆனால் இரண்டின் பத்தித் தலைப்புகளும் வேறு வேறு. எந்தப் பத்தி எதற்குள் போக வேண்டும் என்று பொருத்தித் தர வேண்டும். இதற்கென்று ஆப்கள் இருக்கின்றன, கடை சிறியதென்றால் கையாலேயே செய்யலாம்.

இடிக்கும் கட்டங்களில் முதலாவது இங்கே வரும். ஷாப்பிஃபையில் ஒரு பொருளுக்கு மூன்று வகைத் தெரிவுகள்தான் வைக்க முடியும். நம் சேலைக்கு நிறம், ரவிக்கை தைத்தா தைக்காமலா, ரவிக்கை அளவு, ஃபால்ஸ் அடிக்க வேண்டுமா என்று நான்கு தெரிவுகள் இருந்தால் ஒன்று வெளியே நிற்கும். ஃபால்ஸை ஒரு தனிச் சேவையாகவோ ஆர்டர் குறிப்பாகவோ மாற்ற வேண்டியிருக்கும். வூகாமர்ஸில் 'சேலை', அதற்குள் 'பருத்தி', அதற்குள் 'சுங்குடி' என்று அடுக்கடுக்காக இருந்த பிரிவுகள், ஷாப்பிஃபையில் ஒரே மட்டத்தில் கிடக்கும் தொகுப்புகளாகிவிடும். கடையின் மெனுவைப் புதிதாக யோசிக்க வேண்டிய இடம் இது.

சிஎஸ்வியைத் திறக்கும்போது எக்செல் செய்யும் வேலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் பல சமயம் புரியாத குறிகளாகத் தெரியும். அதை அப்படியே சேமித்துவிட்டால் தமிழ் போனது போனதுதான். எக்செலின் தரவு மெனு வழியாகக் கோப்பை இழுத்து, எழுத்துக் குறியீடாக 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் கூகுள் ஷீட்ஸில் திறக்கலாம். அப்புறம் எண்கள். 91-இல் தொடங்கும் 12 இலக்கக் கைபேசி எண்ணையும், 890-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடையும் எக்செல் சுருக்கிக் காட்டும். சேமித்தால் சுருங்கிய வடிவமே நிலைத்துவிடும், கடைசி இலக்கங்கள் திரும்பக் கிடைக்காது. 0045 என்ற சரக்குக் குறியீடு 45 ஆகும். 10-2 என்று இருந்தால் ஒரு தேதியாக மாறி நிற்கும். இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

படங்களில் ஒரு மறைந்த குழி உண்டு. சிஎஸ்வியில் படம் இருக்காது, படத்தின் முகவரிதான் இருக்கும். புதுத் தளம் பழைய சர்வருக்குப் போய் அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஏற்றி முடிக்கும்வரை பழைய கடை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். பொருள் விளக்கத்தின் நடுவே ஒட்டிய படங்கள்தான் கண்ணில் படாமல் தப்பிவிடுகின்றன. அளவு அட்டவணை, சலவைக் குறிப்பு போன்றவற்றைப் படமாக விளக்கத்துக்குள் போட்டிருந்தால் அவை ஏற்றுமதியில் நகர்வதில்லை. அவற்றின் முகவரி பழைய வேர்ட்பிரஸ் கோப்புறையையே சுட்டிக்கொண்டிருக்கும். சோதிக்கும்போது எல்லாம் அழகாகத் தெரியும், ஏனென்றால் பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடையின் இணையப் பெயரான டொமைனைப் புதுத் தளத்துக்குத் திருப்பிய நிமிடத்தில் அத்தனையும் உடைந்த படங்களாகிவிடும். விளக்கப் பத்தியில் பழைய கோப்புறையின் பெயரைத் தேடி, ஒவ்வொரு படத்தையும் முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.

முகவரிகள்

எந்தக் கடைக்காரரும் அலட்சியம் செய்யக் கூடாத பகுதி இது. வூகாமர்ஸின் வழக்கமான அமைப்பில் பொருள் பக்கத்தின் முகவரி நடுவே 'ப்ராடக்ட்' என்று ஒருமையில் வரும். ஷாப்பிஃபையில் அதுவே 'ப்ராடக்ட்ஸ்' என்று பன்மையில். அந்த ஓர் எழுத்து போதும், கூகுளில் இருக்கும் உங்கள் பழைய முகவரி ஒவ்வொன்றும் "பக்கம் இல்லை" என்னும் 404 பிழைக்குப் போய்ச் சேர. ஷாப்பிஃபையில் இந்த அமைப்பை மாற்றவும் முடியாது. அது அவர்கள் போட்ட கட்டம்.

இதற்குத் தீர்வு 301 திசைதிருப்பல். கடை காலி செய்த கட்டடத்தின் ஷட்டரில் "எதிர்த் தெருவுக்கு மாறிவிட்டோம்" என்று பலகை தொங்கவிடுவார்களே, அது மாதிரி. பழைய முகவரிக்கு வருபவரை அதே பொருளின் புது முகவரிக்கு உடனே அனுப்பிவிடும். 301 என்றால் நிரந்தர மாற்றம், 302 என்றால் தற்காலிகம். கூகுள் பழைய பக்கத்துக்குத் தந்திருந்த மதிப்பைப் புதுப் பக்கத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் 301-ஐத்தான் பயன்படுத்த வேண்டும். ஷாப்பிஃபையில் பழைய முகவரி, புது முகவரி என இரண்டு பத்திகள் கொண்ட ஒரு பட்டியலை ஏற்றினால் போதும்.

பட்டியலை எப்படித் தயாரிப்பது? பொருளின் பெயரை வைத்துப் பழைய முகவரியை ஊகித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், குறிப்பாகத் தமிழில் பெயர் வைத்திருந்தால். வேர்ட்பிரஸ் முகவரிக்கு 200 எழுத்துகள்தான் இடம் தருகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரிக்குள் போகும்போது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக 9 எழுத்துகள் ஆகிவிடும். மெய்யின் புள்ளி, ஐகாரத்தின் கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆக மொத்தம் 22 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். 'மதுரைச் சுங்குடிச் சேலை' என்ற பெயரில் மட்டுமே 21 குறிகள். 'மதுரைச் சுங்குடிச் சேலை பச்சை', 'மதுரைச் சுங்குடிச் சேலை சிவப்பு' என்று இரண்டு பொருள்கள் இருந்தால் நிறம் வருமுன்பே முகவரி வெட்டுப்பட்டு இரண்டும் ஒன்றுபோல் ஆகும். வேர்ட்பிரஸ் இரண்டாவதன் வாலில் ஒரு 2 சேர்த்துவிடும். எது பச்சை, எது சிவப்பு என்று பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எனவே ஓடும் கடையிலிருந்தே முகவரிகளை எடுங்கள். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற கருவி தளம் முழுக்கச் சுற்றிவந்து பட்டியல் தரும், 500 முகவரிகள் வரை இலவசம். கூடவே, கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் அதிகம் பார்க்கப்பட்ட பக்கங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு முறைக்கு 1,000 வரிகள்தான் வரும், சிறிய கடைக்கு அது தாராளம். நீங்களே மறந்துபோன பழைய வலைப்பதிவு ஒன்று, 'சுங்குடிச் சேலையைத் துவைப்பது எப்படி' என்பது போல, அந்தப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதையும் கொண்டுபோக வேண்டும்.

நேரமில்லை என்று எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுபவர்கள் உண்டு. கூகுள் அதைப் பெரும்பாலும் 404 போலவே எடுத்துக்கொள்ளும். பச்சைச் சேலையைத் தேடி வந்தவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். பொருளே இப்போது இல்லையென்றால் அதற்கு நெருக்கமான தொகுப்புக்கு அனுப்புங்கள். அப்படியும் எதுவும் பொருந்தவில்லையென்றால் 404 வரட்டும், தவறில்லை. திருப்பல்களை ஓராண்டாவது எடுக்காமல் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்குகளுக்குக் காலாவதித் தேதி கிடையாதே.

வாடிக்கையாளர்களும் பாஸ்வேர்டும்

பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் நகரும். பாஸ்வேர்டு நகராது. எந்த ஒழுங்கான தளமும் பாஸ்வேர்டை அப்படியே வைத்திருப்பதில்லை. திரும்பப் படிக்க முடியாத ஒரு சங்கேதமாக மாற்றித்தான் சேமிக்கிறது. பழைய தளத்தின் சங்கேதத்தை ஷாப்பிஃபை ஏற்றுக்கொள்ளாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரைப் பார்க்கலாம். பிரிட்டனின் இந்தச் சங்கிலிக் கடை 2007 முதல் அமேசானின் தளத்தில்தான் தன் இணையக் கடையை நடத்திவந்தது. 15 கோடி பவுண்டு செலவழித்துச் சொந்தத் தளம் கட்டி 2014 பிப்ரவரியில் அதற்கு மாறியது. வாடிக்கையாளர்கள் எல்லாரும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. அடுத்து வந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது, தளமே புதியது, தேடுவதும் பழக்கப்படவில்லை. ஆனாலும் வாங்க வந்தவரிடம் "முதலில் உங்களைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்வது விற்பனைக்கு உதவாது என்பதற்குப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை.

ஷாப்பிஃபையின் இப்போதைய கணக்கு முறையில் பாஸ்வேர்டே கிடையாது. மின்னஞ்சலுக்கு ஆறு இலக்கக் குறியீடு வரும், அதைப் போட்டு உள்ளே போகலாம். பாஸ்வேர்டு பிரச்சினை அதோடு தீர்ந்தது. அதே சமயம், நம் ஊரில் மின்னஞ்சல் கட்டத்தில் வாய்க்கு வந்ததைத் தட்டிவிட்டுக் கைபேசி எண்ணை மட்டும் சரியாகக் கொடுப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குக் குறியீடு போய்ச் சேராது. மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்னதாக வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ ஒரு தகவல் அனுப்பிவிடுவது நல்லது. இன்னொன்று: விளம்பர மின்னஞ்சல் வேண்டாம் என்று விலகியவர்கள் யார் என்ற பத்தியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அது விடுபட்டால் விலகியவர்களுக்கெல்லாம் மறுபடி விளம்பரம் போகும்.

பழைய ஆர்டர்களும் ஜிஎஸ்டியும்

ஆர்டர்களை சிஎஸ்வியாக ஏற்றும் வசதி ஷாப்பிஃபையிலேயே இல்லை, அதற்குத் தனி ஆப் வேண்டும். ஏற்றுமுன் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய சேலைக்கு "உங்கள் ஆர்டர் உறுதியானது" என்று மின்னஞ்சல் வந்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

எல்லா ஆர்டரையும் கொண்டுபோகத்தான் வேண்டுமா? கடந்த ஓரிரு வருட ஆர்டர்கள் போதும் என்பேன். மற்றவற்றை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் தூக்கி எறியக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்தந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும்.

பில் எண்ணைப் பற்றி ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஷாப்பிஃபையில் ஆர்டர் எண் 1001-இல் தொடங்கும். முன்னாலும் பின்னாலும் எழுத்துகள் சேர்க்கலாம், தொடக்க எண்ணை மாற்ற முடியாது. ஜிஎஸ்டி பில் எண்ணோ 16 எழுத்துகளுக்குள், தொடர்ச்சியாக, அந்த நிதியாண்டில் ஒருமுறை வந்தது மறுமுறை வராதபடி இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளுக்கு விதியில் இடமுண்டு. அதனால் புதுக் கடைக்குப் புது முன்னொட்டோடு தனி வரிசை தொடங்கிவிடலாம். ஏப்ரல் 1-ஆம் தேதியை ஒட்டி மாறினால் இந்தக் குழப்பமே குறைவு. வரிக்காகப் பொருளின் வகையைக் குறிக்கும் ஹெச்எஸ்என் எண்ணும் வரி விகிதமும் பொருளோடு சேர்ந்து வந்திருக்கின்றனவா என்று பத்துப் பொருள்களையாவது திறந்து பாருங்கள்.

டெலிவரிக் கட்டணத்திலும் ஒரு வித்தியாசம். வூகாமர்ஸில் பின்கோடு வாரியாகக் கட்டணம் பிரிக்கலாம். ஷாப்பிஃபையின் சொந்த அமைப்பில் மாநிலம் வரைதான் பிரிக்க முடியும், பின்கோடுக்கு ஆப் தேடணும். சில பின்கோடுகளுக்கு மட்டும் கேஷ் ஆன் டெலிவரி தருபவர்களுக்கும் இதே கதைதான்.

டொமைனைத் திருப்பும் நாள்

புரட்டாசி, ஐப்பசியில் வேண்டாம். தீபாவளி விற்பனை முடியட்டும். அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2011 ஆகஸ்டில் அமேசான் தளத்தைவிட்டுச் சொந்தத் தளத்துக்கு வந்தது. செப்டம்பர் 13 அன்று மிசோனி ஆடைகளை விற்பனைக்கு விட, வந்த கூட்டத்தில் தளம் முடங்கியது. புதுக் கடைக்குக் கொஞ்சம் அமைதியான வாரங்கள் வேண்டும். வெள்ளிக்கிழமை இரவிலும் தொடாதீர்கள், சனி ஞாயிறில் உதவிக்கு ஆள் கிடைக்கமாட்டார்கள். செவ்வாய் அல்லது புதன் விடியற்காலை சரியாக இருக்கும்.

டொமைன் எந்த சர்வரைச் சுட்டுகிறது என்ற தகவலை இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை டிடிஎல் என்ற எண் சொல்கிறது, கணக்கு நொடிகளில். அது 86,400 என்று இருந்தால் ஒருநாள் முழுக்கச் சிலர் பழைய கடைக்கே போய்க்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் முன்னதாகவே 300 ஆக்கிவிட்டால் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானவர்கள் புதுக் கடைக்கு வந்துவிடுவார்கள்.

அதே டொமைனில்தான் உங்கள் கடையின் மின்னஞ்சலும் இருக்கும். டொமைன் அமைப்பில் கடைக்கான பதிவை மட்டும் மாற்றுங்கள், மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளில் கை வைக்காதீர்கள். இந்தப் பதிவுகளையெல்லாம் வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால் எம்எக்ஸ் பதிவுகளைப் புது இடத்தில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் கடை ஜோராகத் திறந்திருக்கும், ஆர்டர் பற்றிக் கேட்டு வரும் மின்னஞ்சல் ஒன்றும் உங்களுக்கு வந்து சேராது. அஞ்சல்பெட்டிகள் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், அதை ரத்து செய்யும் நாளில் அவையும் போய்விடும். முதலில் மின்னஞ்சலுக்கு வேறு இடம் பாருங்கள்.

திருப்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பழைய கடையில் பணம் செலுத்துவதை நிறுத்திவிடுங்கள், பொருள்களைப் பார்க்க மட்டும் முடியட்டும். யூபிஐயில் பணம் போய்விட்டு உறுதிச் செய்தி தாமதமாக வரும் சம்பவங்கள் உண்டு. அந்தச் செய்தி பழைய முகவரிக்கு வரும்போது அங்கே புதுத் தளம் இருந்தால் அதற்கு ஒன்றும் புரியாது. வாடிக்கையாளரின் பணம் போயிருக்கும், ஆர்டர் இருக்காது. நிறுத்திய பிறகு, கடைசியாக ஏற்றுமதி செய்ததற்கு அப்புறம் வந்த ஆர்டர்களையும் ஸ்டாக் எண்ணிக்கையையும் இன்னொரு முறை கொண்டுபோங்கள். பிறகு டொமைனைத் திருப்பி, உங்கள் கைபேசியிலிருந்தே ஒரு சேலையை வாங்கிப் பாருங்கள், உண்மையான பணம் கொடுத்து. பூட்டுக் குறிக்கான பாதுகாப்புச் சான்றிதழ் ஏற ஷாப்பிஃபையில் 48 மணி நேரம் வரைகூட ஆகலாம். பெரும்பாலும் அவ்வளவு ஆகாது.

அதே நாளில், கடையின் பக்கங்களைப் பட்டியலிடும் புதிய தளவரைபடத்தை சர்ச் கன்சோலில் கொடுங்கள். டொமைன் மாறவில்லையென்றால் அதிலுள்ள முகவரி மாற்றக் கருவியைத் தொடத் தேவையில்லை. கூகுளில் விளம்பரம் கொடுப்பவர்கள், பொருள் பட்டியலைக் கூகுளுக்குத் தரும் இடமான மெர்ச்சன்ட் சென்டரில் பொருள்களின் அடையாள எண்ணையும் பார்க்க வேண்டும். ஷாப்பிஃபை தன் பாணியில் புது எண்களைத் தரும், விளம்பரம் அவற்றைப் புதுப் பொருள்களாக நினைத்து முதலிலிருந்து கற்கத் தொடங்கும்.

முதல் மாதம் கூகுளில் வரிசை கொஞ்சம் ஆடும். அதைப் பார்த்து அவசரமாக எதையும் மாற்றாதீர்கள். 404 பட்டியலை மட்டும் வாரம் ஒருமுறை எடுத்து, விடுபட்ட முகவரிகளுக்குத் திருப்பல் போட்டுக்கொண்டே வாருங்கள். பழைய ஆர்டருக்குப் பணம் திருப்பித் தர வேண்டுமானால் கேட்வேயின் பக்கத்துக்குள் நேரடியாகப் போய்த்தான் தர முடியும், அதனால் அந்தக் கணக்கை மூடாதீர்கள். பழைய ஹோஸ்டிங்கை இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து, டேட்டாபேஸின் முழு நகலையும் படக் கோப்புறையையும் இறக்கிக்கொண்ட பிறகு ரத்து செய்யலாம்.